பேஸ்பால் சிமுலேஷன்: ஸ்டார்ட்டரும் ரிலீவரும் ஒரே ஸ்டாமினா கணக்கிலா?

எட்டாவது இன்னிங்ஸ்:
நான் ஆடிய பேஸ்பால் சிமுலேஷன்களில் முக்கால்வாசி இப்படித்தான்: பிட்சருக்கு (பந்து வீசுபவர்) திறமை என்று ஒரு எண், ஸ்டாமினா என்று ஒரு தொட்டி. பந்து போடப் போடத் தொட்டி வற்றும், வற்றியதும் அடி வாங்குவார். ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டருக்கும், பிறகு மாற்றாக வரும் ரிலீவருக்கும் இதே கணக்கு. எனக்கு இது போதவில்லை. 70 பந்துதான் போட்டிருக்கிறார், கை தளரவே இல்லை. ஆனாலும் அதே ஆட்டத்தில் மூன்றாவது முறை அடிக்க வரும் பேட்டர் அவரைப் படித்துவிட்டுத்தான் வருகிறார். அது களைப்பு இல்லை, பழக்கம். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும்.

எண்பித்தன்:
எனக்கு உடன்பாடில்லை. 2020 உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) ஆறாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டாட்ஜர்ஸ் அணிக்கு எதிராக டாம்பா பே 1-0 முன்னிலை. அதன் ஸ்டார்ட்டர் பிளேக் ஸ்னெல் 73 பந்து போட்டு 9 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்) எடுத்திருக்கிறார், கொடுத்தது 2 ஹிட். டாட்ஜர்ஸின் முதல் மூன்று பேட்டர்களும் தலா இரண்டு முறை வந்து ஆறு முறையும் ஸ்ட்ரைக்அவுட். பேட்டிங் வரிசையின் மூன்றாவது சுற்று வருகிறதே என்று அவரை எடுத்துவிட்டார்கள். ரிலீவர் நிக் ஆண்டர்சன் வந்தார், டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ் டபுள் (இரண்டாம் பேஸ் வரை போகும் ஹிட்) அடித்தார், அதே இன்னிங்ஸில் முன்னிலை போனது. 3-1 தோல்வி, கோப்பையும் போனது. உங்கள் கணக்கைக் கேமில் போட்டால் கம்ப்யூட்டர் மேனேஜர்கள் எல்லாரும் இதைத்தான் செய்வார்கள்.

எட்டாவது இன்னிங்ஸ்:
நீங்கள் சொன்ன ஆட்டமே என் கட்சிக்குத்தான் சாட்சி. ஆண்டர்சன் அந்தப் பிளேஆஃபில் முந்தைய ஆட்டங்களிலும் வரிசையாக ரன் கொடுத்துக்கொண்டே வந்தவர். “நேற்று ஓய்வு, ஆகவே இன்று முழுத் தெம்பு” என்று கணக்கிடும் கேமில் அவர் புத்தம்புது ஆளாக நிற்பார். வாரக்கணக்கில் சேரும் சுமையை எங்கே எழுதுவது? புல்பென்னில் (ரிலீவர்கள் வார்ம்-அப் செய்யும் இடம்) எழுந்து 25 பந்து போட்டு, இறங்காமலே உட்கார்ந்த ரிலீவருக்கு அன்றைக்கு எதுவும் செலவாகவில்லையா? நான் பார்த்தவரை பல கேம்களில் அது பூஜ்யம்தான்.

பகடை68:
நான் பகடையும் கார்டும் வைத்து ஆடுகிறவன், அதனால் காலம் பற்றி ஒரு வார்த்தை. 1968 சீசனைக் கம்ப்யூட்டரில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் பாப் கிப்சன் அந்த வருஷம் 34 ஆட்டங்களைத் தொடங்கி 28-ஐத் தானே முடித்தவர், ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குத் தன் பொறுப்பில் கொடுத்த சராசரி ரன்) 1.12. என் கேமில் ஏழாவது இன்னிங்ஸ், இரண்டு ரன் முன்னிலை, ஒரு சிங்கிள் விழுந்ததும் அவரை எடுத்துவிட்டது. எனக்கு மனசே விட்டுப்போனது. அந்தக் காலத்து ஸ்டார்ட்டர் ஒன்பது இன்னிங்ஸுக்குப் பங்குபோட்டுத்தான் பலத்தைச் செலவழித்தார். இன்றைய ஆள் ஐந்தாறு இன்னிங்ஸில் கொட்டித் தீர்த்துவிடுகிறார். சுற்று எண்ணிக்கையைச் சேர்ப்பதென்றால் அந்தந்த வருஷத்துக்கு ஏற்ற அளவு வையுங்கள்.

எண்பித்தன்:
பகடை நண்பர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் என் உண்மையான கவலை இரட்டைக் கணக்கு. ஸ்டார்ட்டரின் சீசன் எண்ணில் மூன்றாவது சுற்றில் அவர் வாங்கிய அடியும் ஏற்கெனவே கலந்துதானே இருக்கிறது? அதை அப்படியே அடிப்படைத் திறமையாக வைத்து, மேலே மூன்றாவது சுற்றுத் தண்டனையும் போட்டால், ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை அடி. ரிலீவர் கதை நேரெதிர். மரியானோ ரிவேரா 1995-இல் 10 ஆட்டங்களைத் தொடங்கினார், அந்த சீசனில் ஈ.ஆர்.ஏ. 5.51. பிறகு ரிலீவராகி 652 சேவ் (முன்னிலையைக் காத்து முடித்த ஆட்டம்). அந்தக் குளோசர் (கடைசி இன்னிங்ஸுக்கு வரும் ரிலீவர்) எண்ணை ஆறு இன்னிங்ஸுக்கு நீட்ட விட்டால் கேம் செத்தது. கேம் லீகில் ஒருவர் தன் குளோசரை ஸ்டார்ட்டராக்கி ஜெயித்துக்கொண்டே போனதை நானே பார்த்திருக்கிறேன்.

எட்டாவது இன்னிங்ஸ்:
இதை நான் யோசிக்கவில்லை, நீங்கள் சொல்வது சரி. அப்படியானால் தண்டனை மட்டும் போதாது, முதல் சுற்றில் ஸ்டார்ட்டருக்குச் சற்றுக் கூடுதல் பலமும் தர வேண்டும்; மூன்று சுற்றும் சேர்ந்தால் அவருடைய சொந்த சீசன் எண் வர வேண்டும். ரிலீவரை ஒரு இன்னிங்ஸ் வேலைக்கு அளந்துவிட்டு, அதைத் தாண்டினால் அவர் எண்ணைக் குறைக்க வேண்டும். 2018-இல் டாம்பா பே ரிலீவர் செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸுக்கு மட்டும் இறக்கியது ஏன் எடுபட்டது என்பது அப்போதுதான் கேமிலும் தெரியும். பின்னால் வந்து பல இன்னிங்ஸ் போடுகிறவர், எதிரணி வரிசையின் முதல் பேட்டர்களை மூன்றாவது முறை பார்க்காமலே வெளியே போய்விடலாம்.

எண்பித்தன்:
இன்னொரு சிக்கல் பாக்கி இருக்கிறது. மூன்றாவது சுற்றுவரை நிற்பவர் அன்றைக்கு நன்றாகப் போடுகிறவர், அல்லது ஏற்கெனவே நல்ல பிட்சர். சொதப்பியவர் நாலாவது இன்னிங்ஸிலேயே போயிருப்பார். அந்த வடிகட்டலைக் கழிக்காமல் வெறும் சராசரியை ஒப்பிட்டு உங்கள் அளவை எடுத்தால் தப்பாகத்தான் வரும். ஒரே பிட்சர், ஒரே பேட்டர் என்று ஜோடி ஜோடியாகப் பாருங்கள்.

பகடை68:
மேசையில் இதற்கெல்லாம் இடம் வேண்டுமே. ஸ்கோர்ஷீட்டில் பேட்டர் பெயர் பக்கத்தில் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு கிழிப்பேன், அதுவரை சரி. புல்பென் வார்ம்-அப்புக்கு ஒரு புள்ளி. அதற்கு மேல் என்றால் ஒரு ஆட்டம் முடிய ராத்திரி ஆகிவிடும்.

எட்டாவது இன்னிங்ஸ்:
கோடும் புள்ளியும் போதும். கிப்சனுக்கு மட்டும் மூன்றாவது கோட்டில் ஒன்றும் குறைக்காமல் 1968-ஐ மறுபடி ஓட்டுங்கள். 28 வருகிறதா என்று பார்ப்போம்.