கண்டி வார்டில் துணைக்கு ஆள் தேவை

நம்ம தேயிலைத் தோட்டத்து மேல்கணக்கு (மேல் டிவிஷன்) லயத்து அக்காவுக்குக் கொழுந்து நிறுக்கிற இடத்திலேயே பாரிசவாதம் வந்துவிட்டது. டிக்கோயாவிலிருந்து கண்டி பெரியாஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆளைத் தெரிகிறது, பேச்சு குழறுகிறது, வலது கை தூக்க முடியவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரி, வைத்தியத்துக்குக் காசில்லை. ஆனால் ஹட்டனிலிருந்து போய்வர பஸ் காசு, பெம்பர்ஸ் என்று கரைகிறது. அக்காவுக்குப் பேர் விழுந்தால்தான், அதாவது அன்றைய நாள் சம்பளம் பதிவானால்தான், அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

காசைவிட முதலில் கேட்பது வேறு. புருஷன் கொழும்புக் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார், ஆனால் பெண்கள் வார்டில் இரவு அவரை விடமாட்டார்கள். கண்டிப் பக்கம் இருக்கும் அக்கா தங்கச்சிமார் யாராவது ஓர் இரவு நிற்க முடியுமா?

அப்புறம், மூத்த மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது. கணக்கு சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். முடிந்தவர்கள் இன்பொக்ஸ் வாருங்கள். பார்க்கப் போகிறவர்கள் பிஸ்கட் வாங்காதீர்கள், அவருக்கு விழுங்கக் கஷ்டம்.