அவுஸ்திரேலியாவில் நர்ஸ் பிரக்டிஷனராக வேலை செய்யும் ஆட்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லாருக்கும் வணக்கம், வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். என் தங்கச்சி இங்கே அரச வைத்தியசாலை ஒன்றில் ஐசியூ தாதி, திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டமும் முடித்துவிட்டாள், இப்போது அவுஸ்திரேலியா போய் நர்ஸ் பிரக்டிஷனர் ஆகத்தான் வேண்டும் என்று நிற்கிறாள். அங்கே அவர்கள் நோயாளியைத் தாங்களே பார்த்து, என்ன நோய் என்று முடிவுசெய்து, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, மருந்தும் எழுதலாம். அதற்கு முதுமாணிப் பட்டமும், உயர்நிலைத் தாதியாக 5,000 மணித்தியால அனுபவமும் கேட்கிறார்கள். 1965இல் இதைத் தொடங்கிய அமெரிக்காவிலோ மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, சில இடங்களில் டொக்டரோடு ஒப்பந்தம் இல்லாமல் வேலை செய்யவே முடியாது, அதனால் அதை விட்டுவிட்டோம்.

இங்கே ஐசியூவில் செய்த வேலையை அந்த மணித்தியாலங்களில் சேர்ப்பார்களா, இல்லை அங்கே பதிவுசெய்த பிறகு முதலில் இருந்து தொடங்க வேண்டுமா? அப்புறம், சட்டத்தில் இருக்கிற அதிகாரத்தை வார்டில் உண்மையிலேயே பாவிக்க விடுகிறார்களா?

எங்கள் கிளினிக்குகளில் நீரிழிவுக்காரர் விடியமுதல் வந்து காத்துக்கிடப்பதைப் பார்த்தால், அனுபவமுள்ள தாதிமாருக்கு இந்தப் பொறுப்பு இங்கேயும் வரவேண்டும் என்றுதான் படுகிறது. அந்தப் பாதையில் போன அக்காமார், அண்ணாமார் தயவுசெய்து கொமென்டில் எழுதுங்கள், தங்கச்சியும் வாசிப்பாள்.