செப்புப் பாளத்தில வோட்டர் புளொக் கடையிறது எப்பிடி? றேடியேற்றர், தண்ணி பற்றியும் சொல்லுங்கோ

கிளிநொச்சிப் பெடியன்:
அண்ணையாக்கள், என்ர கொம்பியூட்டரின்ர ஐ5-12400 புறொசசருக்கு வீட்டிலயே வோட்டர் கூலிங் செய்யப் போறன். 50×50×12 மி.மீ. செப்புப் பாளம், மூடிக்கு 10 மி.மீ. அக்ரிலிக், பழைய வானில கழட்டின ஹீற்றர் றேடியேற்றர் இருக்கு. புறொசசருக்கு மேல இருந்து தண்ணிக்குச் சூட்டைக் குடுக்கிற வோட்டர் புளொக்கா இந்தப் பாளத்தை எப்பிடிக் கடையிறது? பம் பெரிசா வேணுமோ? கிணத்துத் தண்ணி விடலாமோ?

மாங்குளம் லேத்:
சுத்திவர 8 மி.மீ. விளிம்பு விட்டு, நடுவில 3 மி.மீ. அகலம், 8 மி.மீ. ஆழத்தில பள்ளங்கள் வெட்டுங்கோ. இடைச்சுவர் 2 மி.மீ. காணும். சுவரின்ர ரெண்டு அந்தத்திலயும் 4 மி.மீ. வெட்டி விட்டால்தான் தண்ணி எல்லாப் பள்ளத்துக்கும் பிரியும். செம்பு பிசுபிசுத்து ஒட்டிற சாமான். எண்ணெய் விடாமல் வெட்டினால் கட்டர் இறுகி முறியும். தண்ணி ஒழுகாமல் மூடிக்குக் கீழ வைக்கிற 2 மி.மீ. ஓ-றிங்குக்கு (றப்பர் வளையம்) 1.5 மி.மீ. ஆழத்தில காடி வெட்டுங்கோ. அடிப்பக்கத்தைக் கண்ணாடி மேல 400, 800, 1200 அரத்தாள் வைச்சு, தண்ணி விட்டு உரஞ்சுங்கோ.

மூடியில ரியூப் பூட்டக் கால் இஞ்சி பித்தளை நிப்பிள் வாங்கேக்கை நேர்ப்புரியாப் பாருங்கோ. கூம்புப்புரி ஆப்பு மாதிரி இறுகி அக்ரிலிக்கைப் பிளந்துபோடும். பிளவு அண்டைக்கே தெரியாது, சூடாகித்தான் விரியும். உங்கட புறொசசர் இருக்கிற சொக்கெற்றைச் சுத்தி மதர்போட்டில நட்டுத்துளை 78×78 மி.மீ., அதுக்குத் தனிப் பிடித்தகடு வேணும்.

ஓமந்தை விசிறி:
தம்பி, றேடியேற்றரைக் கத்தியால சுரண்டுங்கோ. மஞ்சள் எண்டால் பித்தளை, செம்மை எண்டால் செம்பு, போடலாம். வெள்ளையா மினுங்கினால் அலுமினியம், வேண்டாம். செம்போட ஒரே தண்ணியில அலுமினியம் இருந்தால் அதுதான் அரிச்சுப் போகும். வெளிச்செட்டை மட்டும் அலுமினியம் எண்டால் பரவாயில்லை, தண்ணி படாதே.

பெரிய பம்முக்குக் காசைக் கொட்டாதேங்கோ. 100 வாட் வெப்பத்துக்கு நிமிசத்துக்கு 1 லீற்றர் ஓடினாலே தண்ணி 1.4 பாகைதான் ஏறும். 12 வோல்ற் பிறஷ்லெஸ் பம், மணிக்கு 240 லீற்றர் எண்டு போட்டிருக்கிறது போதும். தண்ணித் தொட்டி பம்முக்கு மேல இருக்கோணும், காய்ஞ்சு ஓடினால் பம் போயிடும். காசை 120 மி.மீ. விசிறியில போடுங்கோ. அறை 34 பாகை எண்டால் தண்ணி அதுக்குக் கீழ போகவே போகாது. அதால புளொக்கும் ரியூப்பும் வேர்த்துத் தண்ணி சொட்டும் எண்ட பயமும் இல்லை. உண்மையில இந்தப் புறொசசருக்கு நல்ல காற்றுக் கூலரே காணும், ஆசைக்குச் செய்யிறதெண்டால் செய்யுங்கோ.

புதுக்குடியிருப்பு வயர்:
கிணத்துத் தண்ணி கூடவே கூடாது. எங்கட பக்கத்துக் கேத்திலுக்குள்ள படியிற வெள்ளைப் படை 3 மி.மீ. பள்ளத்திலயும் படியும். பற்றறிக்கு விடுற காய்ச்சி வடிச்ச தண்ணி வாங்குங்கோ, அசிட் கலந்ததில்லை. அதோட பத்துக்கு ஒரு பங்கு கார் கூலண்ட். அதைக் குழந்தையள், நாய் பூனையள் எட்டாத இடத்தில வையுங்கோ, நஞ்சு. தெளிவான ரியூப்பில வெயில் பட்டால் பாசி பிடிக்கும், கறுப்பு ரியூப் நல்லது.

மதர்போட்டில பூட்ட முதல், தனி 12 வோல்ற் அடப்டரில பம்மை மட்டும் 24 மணித்தியாலம் ஓட விடுங்கோ. ஒவ்வொரு மூட்டுக்குக் கீழயும் ரிசுப் பேப்பர் வையுங்கோ, ஒழுகினால் தெரியும். றேடியேற்றரைச் சாய்ச்சுச் சாய்ச்சுக் காத்தை வெளியேத்தாட்டி சலசலப்பு நிக்காது.

கிளிநொச்சிப் பெடியன்:
சுரண்டிப் பாத்தன், மஞ்சள்தான். பழைய கூலண்ட் கறை உள்ளுக்க இருக்கு, எதால கழுவிறது?

ஓமந்தை விசிறி:
வினாகிரியும் சுடுதண்ணியும் பாதிக்குப் பாதி, அரை மணித்தியாலம். கூட விட்டால் பித்தளையையும் தின்னும். பிறகு தெளிவா வருமட்டும் பைப் தண்ணியில அலசி, கடைசியாக் காய்ச்சி வடிச்ச தண்ணியில ஒருக்கா அலசுங்கோ.