2011-ல மார்க்சிஸ்ட்டுக்கு 10 எம்.எல்.ஏ., 2016-ல முட்டை: தோழர்கள் இனி எங்கிட்டு?

செல்லூர்த் தறி:
2016 மே 19 தேர்தல் முடிவு வயித்தெரிச்சலே இன்னும் ஆறல. அதுக்குள்ள ஒரு ஞானி இங்க எழுதியிருக்கார். கேப்டனோட தே.மு.தி.க.வோட சேந்து நின்ன மக்கள் நலக் கூட்டணிதான் கட்சியைக் கெடுத்துச்சாம், மார்க்சிஸ்ட் இனி தனியா நிக்கணுமாம். நம்ம தோழர் பி.மோகன் மதுரையில சொந்த பலத்துலதான் ரெண்டு தடவை எம்.பி. ஆனாராம்! 1999-ல கூட இருந்தது இலை. 2004-ல சூரியன். கூட்டல் தெரியாதவங்க எதுக்கு அரசியல் பேசணும்?

வில்லாபுரம்வாசி:
அந்த ஞானி நான்தாண்ணே. அது மோகனோட எளிமைக்கு விழுந்த ஓட்டு.

செல்லூர்த் தறி:
1999 இலை. 2004 சூரியன்.

வில்லாபுரம்வாசி:
2009-லயும் இலை கூடத்தானே இருந்துச்சு? அழகிரிகிட்ட தோத்தப்ப அந்த ஓட்டெல்லாம் எங்கிட்டுப் போச்சு?

செல்லூர்த் தறி:
அந்த வருசம் சனவரியில திருமங்கலம் இடைத்தேர்தல்ல ஓட்டுக்குக் காசுன்னு பேச்சு அடிபட்ட லட்சணம் ஊருக்கே தெரியும். அதைப் போயி கணக்குல சேக்குறீங்க. தனியா நிக்க ஆசைன்னா 2014-ஐப் பாருங்க. ரெண்டு கம்யூனிஸ்டும் தனியா நின்னோமே, ஒரு எம்.பி. வந்தாரா?

கேப்டன் ரசிகன்:
எங்களை ஏன் இழுக்கலன்னு பாத்தேன் 😄

செல்லூர்த் தறி:
2016-ல உங்க கட்சி 104 எடத்துல நின்னு ஒண்ணுகூட வரல. நீ பேசாம இருப்பா.

உசிலம்பட்டி ரோடு:
சீட்டு, ஓட்டு, இதேதானா? 2008-ல நம்ம மதுரை மாவட்டத்து உத்தப்புரம் தீண்டாமைச் சுவர்ல வழி தொறக்க வச்சோமே, கூட்டணி பாத்தா போனோம்? அந்த மாதிரி எறங்குங்க, கட்சி தானா வரும்.

செல்லூர்த் தறி:
அப்ப ஆட்சியில இருந்தது யாரு? சூரியன். இடிச்சது அரசாங்கம்.

உசிலம்பட்டி ரோடு:
போராடாமலா இடிச்சாங்க? சுவர்னதும் ஞாபகம் வருது. உங்க தெருவுல முரசை ஆளுயரத்துக்கு வரைஞ்சுட்டு, நம்ம சின்னத்தை மூலையில ஒடுக்குனது யாரு? நட்சத்திரத்துக்கு நாலு முனைதான் இருந்துச்சு.

செல்லூர்த் தறி:
அஞ்சாவது முனையில கரன்ட் பாக்ஸ். பெட்டி மேலயா வரையச் சொல்றீங்க? அந்த பெயின்ட் காசு 340 ரூபா இன்னும் வரல, அதையும் கேளுங்க.

வில்லாபுரம்வாசி:
ஆக, இம்புட்டு நேரம் கத்துனது 340 ரூபாய்க்கு.

செல்லூர்த் தறி:
ரசீது இருக்கு, போட்டோ போடட்டுமா? உண்டியல் எடுத்துக்கிட்டு வெயில்ல அலைஞ்சவன் நான். நீங்க பூத் சிலிப் கொடுக்கக்கூட வரல. அப்புறம், 1999 இலை. 2004 சூரியன்.

வில்லாபுரம்வாசி:
2009?

உசிலம்பட்டி ரோடு:
பெட்டிக்குக் கீழ எடம் இருந்துச்சுண்ணே. நான் பாத்தேன்.