புதுப்பிப்பு: பி1 ஒட்டுப்புரதமும் நான் விட்ட மரபணுவும்

பல் சொத்தைக்கு முக்கியக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பற்றிய என் முந்தைய இழையில், ‘பி1 ஒட்டுப்புரதத்தை உருவாக்கும் ஸ்பாபி மரபணு பழுதில்லாமல் இருந்தால் பி1 புரதம் மேற்பரப்பில் இருக்கும், பாக்டீரியா பல்லில் ஒட்டும்’ என்று எழுதியிருந்தேன். அது தவறு.

இந்த பாக்டீரியாவின் இங்பிரிட் என்ற வகையில் பி1 உருவாகியும் அது ஏன் வளர்ப்புத் திரவத்தில் கிடக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, அதைத் தேடிப் போனதில்தான் என் பிழை தெரிந்தது.

பி1-இன் வால் பக்கத்தில் லூசின், புரோலின், அஸ்பராஜின், திரியோனின், கிளைசின் என்று ஐந்து அமினோ அமிலங்கள் வரிசையாக வரும். சார்டேஸ் ஏ என்ற நொதி, திரியோனினுக்கும் கிளைசினுக்கும் நடுவே சரியாக வெட்டி, அந்த முனையைச் செல்சுவரில் பிணைத்துவிடும். இங்பிரிட்டில் இந்த நொதிக்கான மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருக்கிறது. அதனால் புரதம் தயாராகிறது, ஆனால் சுவரில் நிற்பதில்லை, நழுவி வெளியே போய்விடுகிறது.

சோதனைக் குழாயிலேயே இதைப் பார்க்கலாம். சாதாரண வகையோடு உமிழ்நீரைச் சேர்த்தால், அதிலுள்ள அக்ளூட்டினின் என்ற புரதம் பி1-ஐப் பிடித்துக்கொள்ளும். செல்கள் திரிதிரியாகத் திரண்டு அடியில் படியும். சார்டேஸ் இல்லாத வகையில் குழாய் கலங்கலாகவே இருக்கும்.

அப்புறம் இன்னொன்று: பி1 மட்டுமல்ல, குளுக்கனை (சர்க்கரையிலிருந்து உருவாகும் பிசுபிசுப்பான பொருள்) பிடிக்கும் ஜிபிபிசி புரதமும் இதே நொதியை நம்பித்தான் சுவரில் நிற்கிறது. பழைய இழையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன்.