அரசு வாங்கும் தேசியக் கொடி: நூலிலிருந்தே இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டுமா?

தறிவீடு (விவாதத்தைத் தொடங்கியவர்)

அமெரிக்காவில் 2024 ஜூலையில் ஒரு சட்டம் கையெழுத்தானது. அந்நாட்டு மத்திய அரசு வாங்கும் தேசியக் கொடி முழுக்க அங்கேயே, அங்கு விளைந்த அல்லது தயாரான பொருளைக் கொண்டே செய்யப்பட்டிருக்க வேண்டும். அதற்கு முன் பாதி உள்நாட்டுப் பொருள் இருந்தாலே போதும் என்றிருந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்தே இதைக் கொண்டுவந்தார்கள்.

நாம் எதிர்த்திசையில் போயிருக்கிறோம். 2021 டிசம்பர் 30 வரை நம் கொடி விதித்தொகுப்புப்படி தேசியக் கொடி என்றால் கையால் நூற்று, கையால் நெய்த கதர்தான். பருத்தி, கம்பளி, பட்டு மூன்றுக்கும் அதே விதி. அன்று வந்த திருத்தம் பாலியெஸ்டரையும் இயந்திரத்தில் செய்த கொடியையும் அனுமதித்தது. அடுத்த ஆகஸ்டில் இல்லந்தோறும் மூவர்ணக் கொடி இயக்கம் வந்தது, தபால் நிலையத்தில் 25 ரூபாய்க்குக் கொடி விற்றார்கள். மக்கள் வீட்டில் கொடி ஏற்றியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கதர் என்று சொன்னாலே அது இந்த நாட்டில் நூற்றது என்பது தானாகவே உறுதியாகிவிடும். பாலியெஸ்டருக்கு அந்த உறுதி கிடையாது. திருத்திய வரியில் துணி எந்த நாட்டுடையது என்ற பேச்சே இல்லை. மக்கள் வரிப்பணத்தில் வாங்கும் கொடிக்காவது நூல், துணி, சாயமேற்றுதல், தையல் எல்லாம் இங்கேதான் என்று கட்டாயமாக்க வேண்டும்.

பல்லடத்துக்காரன்

நண்பரே, நான் விசைத்தறி ஓட்டுகிறவன். கொடித் துணியும் ஓட்டியிருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் பாலியெஸ்டர் என்றாலே வெளிநாட்டுச் சரக்கு போலத் தெரிகிறது. உலகத்தில் பாலியெஸ்டர் உற்பத்தியில் நாம் இரண்டாம் இடம். 2022-ல் சூரத்தில் இரவு பகலாகக் கொடி அச்சடித்தவர்களும் இந்தியத் தொழிலாளிகள்தான். 20 கோடி வீடுகளுக்கு மேல் கொடி ஏற வேண்டும் என்று அரசு இலக்கு வைத்தது. அத்தனைக்கும் ராட்டையில் நூற்றுக் கொடுக்க முடியுமா? தர முத்திரையோடு தேசியக் கொடி செய்யும் ஒரே கதர் நிறுவனம் என்று எல்லோரும் சொல்வது கர்நாடகத்தில் ஹூப்ளி பெங்கேரியில் இருப்பதைத்தான்.

கட்டாயம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்குப் பயம். கட்டாயத்தோடு சான்றிதழ் வரும். சான்றிதழ் பெரிய மில்லுக்குச் சுலபம், நாலு தறிக்காரனுக்கு முடியாது.

வடிவு

பெங்கேரியைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக முடியாது அண்ணா. 1957-ல் தொடங்கிய கதர்க் கூட்டமைப்பு அது. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாகல்கோட்டை மாவட்டத்தில் நெய்த துணி ஹூப்ளிக்கு வந்து, சாயமேறி, சக்கரம் இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழும்படி அச்சாகி, தையலாகிப் போகிறது. 24 ஆரத்தில் ஒன்று கோணலானாலும் அந்தக் கொடி கழிவுதான். 2021 திருத்தத்துக்குப் பிறகு அவர்கள் ஆர்டர் போய்விடும் என்று போராட்டமே நடத்தினார்கள். ஆண்டு முழுக்க அந்தப் பெண்களுக்குச் சோறு போட்டது அரசு அலுவலகங்களின் ஆர்டர்தான். அதைக் கைவிட்டுவிட்டு உள்நாட்டு உற்பத்தி என்று பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சென்னை கோட்டை அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய பட்டுக்கொடி இருக்கிறது. போகாதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். அதன் முன்னால் நின்றால், கொடியை எது மலிவோ அதில் வாங்கலாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது.

ஓய்வுபெற்ற எழுத்தர்

கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில விவரங்கள்.

உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை தரும் ஆணை 2017-லேயே வந்துவிட்டது. 2020 திருத்தத்தின்படி உள்நாட்டு மதிப்பு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முதல் வகை விற்பனையாளர், குறைந்தது 20 சதவீதம் இருந்தால் இரண்டாம் வகை. ஆனால் 5 லட்சம் ரூபாய்க்குக் குறைவான கொள்முதலுக்கு அந்த ஆணை பொருந்தாது. ஓர் அலுவலகம் ஒரு வருடத்துக்கு எத்தனை கொடி வாங்கும்? பெரும்பாலான கொடிக் கொள்முதல் இந்த விலக்குக்குள்ளேயே அடங்கிவிடும். அதோடு அது மத்திய அரசுத் துறைகளுக்கான ஆணை, மாநிலமும் உள்ளாட்சியும் தனி.

அப்புறம், கொடி விதித்தொகுப்பில் இன்னொரு வரி இருக்கிறது. அலுவல்முறையாகப் பறக்கவிடும் எல்லா நேரத்திலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விவரக்குறிப்புப்படி செய்து, அதன் முத்திரை உள்ள கொடியைத்தான் பயன்படுத்த வேண்டும். கொடிக்கான தரத்தின் எண்ணே ஐஎஸ் 1. நாடு முதன்முதலில் வகுத்த தரம் அதுதான். ஆகவே ஆட்சியர் அலுவலகக் கம்பத்தில் ஏறும் கொடிக்கு விதி ஏற்கெனவே இருக்கிறது. மக்களுக்குக் கொடுக்க அரசு மொத்தமாக வாங்கும் கொடிதான் அந்த வரிக்கு வெளியே நிற்கிறது. விவாதம் அதைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

கொங்குக் கணக்கன்

நான் எதிர்க்கிறேன், காரணத்தோடு. தேசியக் கொடிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. 2022-ல் பாலியெஸ்டர் கொடிக்கும் அது உண்டு என்று தெளிவுபடுத்தினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விலக்குப் பெற்ற பொருளை விற்கிறவருக்கு உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்காது. நூலுக்கும் துணிக்கும் கட்டிய வரி அவர் தலையிலேயே நிற்கும். கொடி மட்டும் தைத்து விற்கிறவர் பதிவே செய்ய வேண்டியதில்லை என்பதால் பலரிடம் முறையான பில் வரிசையும் இருக்காது. இப்போது அவரிடம் போய் 'உன் நூல் எந்த மில், உன் சாயம் எந்த நாடு' என்று கேட்டால் என்ன காட்டுவார்? சாயத்துக்கான மூலப்பொருளில் கணிசமான பங்கு சீனாவிலிருந்து வருகிறது. நூறு சதவீதம் என்று எழுதினால் உண்மையாகக் கையெழுத்துப் போடுகிறவன் தோற்பான், பொய்யாகப் போடுகிறவன் ஆர்டர் எடுப்பான்.

தறிவீடு

கணக்கன் சொல்லும் சாயப் பிரச்சினை நியாயமானது. அதனால்தான் நான் சாயமேற்றுதல் என்று எழுதினேன், சாயத்தின் மூலப்பொருள் என்று எழுதவில்லை. நூலும் துணியும் இந்திய மில்லில், தறியில் ஆனதாக இருக்கட்டும், வேலை முழுக்க இங்கே நடக்கட்டும். இதற்கு உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் ஒப்பந்தம் குறுக்கே வரும் என்று சிலர் வேறு இடத்தில் எழுதினார்கள். இந்தியா அதில் உறுப்பினரே இல்லை, பார்வையாளர்தான்.

பில் இல்லை என்பதால் விதியே வேண்டாம் என்பதை ஏற்க முடியாது. தைக்கிறவரிடம் கேட்க வேண்டாம், துணி விற்ற மொத்த வியாபாரியிடம் கேளுங்கள். அவரிடம் பில் இருக்கும்.

பல்லடத்துக்காரன்

இது பரவாயில்லை. பொறுப்பைத் துணி வியாபாரியிடம் வைத்தால் தைக்கிறவன் தப்பிப்பான். ஆனால் அரசு அலுவலக ஆர்டர் கதருக்கே என்று வடிவு கேட்பதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விசைத்தறித் துணியில் ஆன கொடிக்கு மரியாதை குறைவு என்ற தொனி அதில் இருக்கிறது. என் தறியில் ஓடினதும் இந்த நாட்டுக் கொடிதான் அம்மா.

வடிவு

மரியாதை குறைவு என்று நான் சொல்லவில்லை அண்ணா. கம்பத்தில் ஏறுகிற கொடி எத்தனை? நீதிமன்றம், ஆட்சியர் அலுவலகம், அரசுப் பள்ளி, பஞ்சாயத்து என்று கூட்டினாலும், வீட்டுக்கு வீடு கொடுக்கிற கொடியோடு பார்த்தால் மிகச் சிறிய எண்ணிக்கை. அதைக் கதருக்கே விட்டுவிடுங்கள் என்கிறேன். எழுத்தர் ஐயா சொன்ன முத்திரை விதியை அலுவலகங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே பெங்கேரிக்கு வேலை இருக்கும். எங்கள் பகுதி அலுவலகம் ஒன்றில் போன குடியரசு தினத்துக்கு ஏற்றிய கொடியில் முத்திரையே இல்லை, சக்கரம் பச்சைப் பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கேட்டால் கடையில் வாங்கினோம் என்கிறார்கள். வீட்டுக்குக் கொடுக்கும் கொடியைப் பல்லடமும் சூரத்தும் செய்யட்டும், எனக்கு மறுப்பில்லை.

ஓய்வுபெற்ற எழுத்தர்

எந்த விதி போட்டாலும் அதை உடைப்பது கடைசி நேர ஆர்டர்தான். ஜூலை கடைசியில் உத்தரவு வரும், ஆகஸ்ட் 10-க்குள் சரக்கு வேண்டும் என்பார்கள். அந்தப் பத்து நாளில் யாரும் துணி நெய்து கொடுக்க மாட்டார்கள். கையிருப்பு வைத்திருக்கிற வியாபாரி கொடுப்பதுதான் வரும், அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க நேரமிருக்காது. விலைப்புள்ளியில் குறைந்தவருக்கே ஆர்டர் என்பதால் விளிம்பு தைக்காத கொடியும் வந்து சேரும். 5 லட்ச விலக்கைக் கொடிக்கு மட்டும் நீக்கிவிட்டு, டெண்டரை பிப்ரவரி அல்லது மார்ச்சில் விட வேண்டும். மாதிரிக் கொடியை முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும்.

கொங்குக் கணக்கன்

மார்ச் டெண்டருக்கு என் முழு ஆதரவு. 5 லட்ச விலக்கை நீக்குவதற்கு இல்லை. 30 கொடி வாங்கும் ஒரு சிறிய மத்திய அரசு அலுவலக அதிகாரியிடம் உள்நாட்டு மதிப்புக் கணக்குக் கேட்டால் அவர் கொடியே வாங்காமல் விட்டுவிடுவார்.

தறிவீடு

30 கொடிக்குக் கணக்கு வேண்டாம், முத்திரை உள்ள கதர்க்கொடி வாங்கினால் போதும். முத்திரையே சான்று. மொத்தக் கொள்முதலுக்கு மட்டும் துணி பில்.

பல்லடத்துக்காரன்

அப்படியென்றால் நானும் சரி என்கிறேன், மார்ச் மாதம் ஆர்டர் என்று விதியிலேயே எழுதினால். முன்பணமும் வேண்டும். தறிக்குப் பாவு (நீளவாட்டு நூல்) போடும்போதே நூலுக்குப் பணம் கேட்பார்கள், ஆகஸ்டுக்குப் பிறகு பில் பாஸ் ஆகும் வரை எந்தத் தறிக்காரனும் தாங்க மாட்டான்.