ஊசிக்குப் பிறகு செம்மறிக்கு மயிர் கொட்டுது, சொறியா?

தம்பலகாமம் பட்டி: எல்லாருக்கும் வணக்கம். எங்கட மறியொண்டு முன்னங்கால் வீங்கி நொண்டினது. வந்து பார்த்தவர் டெக்சாமெத்தசோன் ஊசி போட்டார், வீக்கம் வத்திச்சு. திரும்ப நொண்ட, திரும்பவும் அதே ஊசி. இப்படியே போய், இப்ப விலாவில பிடிச்சா மயிர் கொத்தாக் கையோட வருது. கீழ தோல் வழவழவெண்டு கிடக்கு, செதிலும் இல்லை புண்ணும் இல்லை. சொறிக்கு ஐவர்மெக்டின் போடலாமோ? சினையாயும் இருக்கலாம்.

கிண்ணியா ஆட்டுக்காரன்: சொறியெண்டா கம்பியில உரசிக்கொண்டே நிக்குமே தம்பி. உரசுதா?

தம்பலகாமம் பட்டி: இல்லையண்ணன், பேசாம மேயுது.

கால்நடை உதவி: உரசேல்லை எண்டதை வச்சுச் சொறி இல்லையெண்டு முடிவெடுக்காதீங்க. டெக்சா அரிப்பை அடக்கும், நோய் எதிர்ப்பையும் குறைக்கும். அந்த மறைவில சொறிப் பூச்சி பெருகலாம். தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில பார்த்த பிறகு மருந்தைப் பற்றி யோசிப்பம்.

ஆனா எனக்குச் சந்தேகம் ஊசியிலதான். மயிர் வளர வேர்க்குமிழில செல்கள் பிரிஞ்சுகொண்டே இருக்கோணும். உடம்பே சுரக்கிற கோர்டிசோல், மருந்தாப் போடுற டெக்சா மாதிரி ஸ்டீரொய்டுகள் அதை அடக்கும். மயிர் மெலிஞ்சு, அந்த மெலிஞ்ச இடத்தில அறும். மெரினோ எண்ட கம்பளி ஆடுகளுக்குக் கோர்டிசோலைத் தொடர்ந்து குடுத்துப் பார்த்த ஆய்வுகளில கம்பளியும் குறைஞ்சது, தோலும் மெலிஞ்சது. மருந்து நிண்டா வேர் திரும்ப வேலை தொடங்கும். கனகாலம் போட்டிருந்தா கோர்டிசோலைச் சுரக்கிற அட்ரினல் சுரப்பி சோம்பிப் போயிருக்கும், அதால நிப்பாட்டுற விதத்தை வைத்தியரே சொல்லட்டும்.

சினையெண்டா வைத்தியரிட்ட அதைத்தான் முதல்ல சொல்லோணும். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். கடைசிக் கட்டத்தில இந்த ஊசி குட்டியை முந்தி ஈன வைக்கும். இயல்பான ஈற்றைத் தொடக்கி வைக்கிறதும் வயித்துக் குட்டியின்ர கோர்டிசோல்தான். நியூசிலாந்தில லிகின்ஸ் எண்ட வைத்திய ஆய்வாளர் 1960களில செம்மறியில கண்டது இது. அந்த வழியில வந்ததுதான், குறைமாதப் பிள்ளையின்ர நுரையீரலுக்காகத் தாய்மாருக்குப் போடுற ஸ்டீரொய்ட் ஊசி. ஹௌவி எண்ட பிள்ளை வைத்தியரோட சேர்ந்து லிகின்ஸ் அதை வெளியிட்டது 1972இல.

தம்பலகாமம் பட்டி: ஊசியே போடாத இன்னொரு மறிக்கும் கொஞ்சம் உதிருதே?

கால்நடை உதவி: காய்ச்சல் ஏதும் வந்ததா?

தம்பலகாமம் பட்டி: ஓம், மழைக்குள்ள படுத்துக் கிடந்தது. தீனும் எடுக்கேல்லை.

கால்நடை உதவி: அப்ப அதுக்குச் சொந்த உடம்பே கோர்டிசோலைக் கூடச் சுரந்திருக்கும். தீனும் குறைஞ்சா மயிர் நலிஞ்சு போகும். நல்லாத் தீன் குடுங்க. பக்கத்தில நிக்கிற ஆடெண்டபடியா அதின்ர தோலையும் சுரண்டிப் பாருங்க.

தம்பலகாமம் பட்டி: நாளைக்கு மிருக வைத்தியரிட்டக் கொண்டு போறன். ஊசிப் போத்தல் கிடக்கு.

கால்நடை உதவி: அதையும், போட்ட திகதிகளையும் கொண்டு போங்க. இறைச்சிக்கு எப்ப குடுக்கலாம் எண்டும் கேளுங்க. அதோட குளம்பை விரிச்சுப் பார்க்கச் சொல்லுங்க, ஊசி வீக்கத்தைத்தான் மறைச்சது, நொண்டுறதுக்குக் காரணம் இன்னும் காலுக்குள்ளதான் கிடக்கு.